மனைவிக்குத் தெரியாமல் ஒரு கல்யாணம்

ஏப்ரல் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, பாதி முகம் சவரம் செய்த நிலையில், செஸ்டர் நோவிட்ஸ்கி ஒரு முடிவுக்கு வந்தார். இந்த வாரத்துக்குள் கல்யாணம் செய்துகொண்டுவிட வேண்டும். மனைவிக்குத் தெரியாமல்.

அவசரப்பட்டு அவரைத் தப்பாக எண்ண வேண்டாம். மணப்பெண்ணும் அதே மனைவிதான்.

செஸ்டருக்கு அறுபத்து மூன்று வயது. மோஹாக் ஆற்றங்கரையில் இருக்கும் அந்தச் சிறு நகரத்தின் குடிநீர்க் குழாய்களை முப்பத்தெட்டு வருஷமாகப் பழுது பார்த்தவர். எந்தத் தெருவுக்கு அடியில் எது எப்போது வெடிக்கும் என்று அவருக்கு அத்துப்படி. சொந்த வீட்டில் எது எப்போது வெடிக்கும் என்பதுதான் கடைசிவரை பிடிபடவில்லை.

நடந்தது இதுதான். 1988 அக்டோபரில் செஸ்டரும் வாண்டாவும் நகர எழுத்தர் அலுவலகத்துக்குப் போனார்கள். ஜன்னலுக்கு முன்னால் நின்று வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தார்கள். கையெழுத்துப் போட்டார்கள். எழுத்தர் முத்திரையை ஓங்கிக் குத்தினார். செஸ்டர், "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்றார். வாண்டா நம்பினாள். செஸ்டரும் நம்பினார். இரண்டு பேரும் எதிர்க்கடையில் இறைச்சி ரொட்டி சாப்பிட்டுவிட்டுக் குடித்தனம் தொடங்கினார்கள். தேவாலயம் இல்லை, விருந்து இல்லை, உரை இல்லை. வாண்டாவின் அம்மா இரண்டு வருஷம் பேசவில்லை.

உரை இல்லாததில்தான் செஸ்டருக்குப் பெரிய நிம்மதி. நாலு பேர் முன்னால் வாய் திறப்பது என்றால் அவருக்கு உயிர் போய்விடும். தங்கை கல்யாணத்தில் இரண்டு வார்த்தை வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். "அன்பான" என்று ஒரு வார்த்தை சொன்னார். இரண்டாவது வார்த்தைக்குள் கேக் மேலே விழுந்துவிட்டார்.

மூன்று வருஷம் கழித்து, தார் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கூட வேலை பார்த்த ராய் பேச்சுவாக்கில் சொன்னான். "கல்யாண லைசென்ஸ்ங்கறது மீன் பிடிக்கிற லைசென்ஸ் மாதிரிடா. பிடிக்கலாம்னு அனுமதி. லைசென்ஸ் வாங்கிட்டா மீன் பிடிச்சாச்சுன்னு அர்த்தமா? அப்பறமா நீதிபதி முன்னாடியோ பாதிரியார் முன்னாடியோ நின்னு முடிச்சாத்தான் கல்யாணம். இல்லாட்டி அது வெறும் காகிதம்."

செஸ்டருக்குக் காலடியில் இருந்த ரோடு இளகியது. தார் சூடு என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வாண்டாவிடம் சொல்லிவிடலாம் என்று இருந்தார். ஞாயிறு போனது. கிறிஸ்துமஸ் கழியட்டும் என்று இருந்தார். பிறகு மாமியாருக்கு உடம்பு சரியில்லை. பிறகு மாமியாருக்கு உடம்பு சரியாகிவிட்டது. அது இன்னும் மோசம். சொல்லாத விஷயம் நாளாக ஆக வீட்டில் ஒரு பீரோ மாதிரி நின்றுவிட்டது. இடித்துக்கொள்ளாமல் சுற்றி நடக்கப் பழகிக்கொண்டார்.

போன நவம்பரில் ராய் இறந்துபோனான். திடீர் மாரடைப்பு. அவனுக்கு வந்துகொண்டிருந்த ஓய்வூதியம் அவன் மனைவிக்கு ஒரு மாதம்கூடத் தவறவில்லை. அடக்கத்தன்று அவள் தள்ளாடியபோது பிள்ளைகள் இரண்டு பக்கமும் தாங்கினார்கள். அவர்களுக்கும் அடியில் ஒரு காகிதம் அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது செஸ்டர் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. வாண்டாவிடம் அந்தக் காகிதம் இல்லை. இந்த மாத முடிவில் செஸ்டருக்கு ஓய்வு. ஓய்வூதியப் படிவத்தின் நாலாம் பக்கத்தில், "தங்களுக்குப் பின் துணைவருக்கு" என்ற கட்டத்துக்குக் கீழே, "திருமணச் சான்றிதழ் நகல் இணைக்கவும்" என்று பொடி எழுத்தில் இருந்தது. கடைசித் தேதி முப்பது.

அதனால்தான் பாதி சவரத்தில் அந்த முடிவு. மீதி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஆர்விலிடம் ஓடினார். ஆர்வில் அந்த எழுத்தர் ஜன்னலில் மூன்று தடவை நின்றவன். மூன்று கல்யாணம், மூன்று விவாகரத்து. அனுபவசாலி.

"ரெண்டு பேரும் நேர்ல வந்தே ஆகணும்" என்றான் ஆர்வில், வேலிமேல் சாய்ந்தபடி. "படம் போட்ட அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ். நீயா மட்டும் போய்க் கட்டிக்க முடியாது. நான் கேட்டுப் பார்த்துட்டேன்."

"அவளை என்ன சொல்லிக் கூட்டிட்டுப் போறது?"

"உன் நாய் எங்க?"

"உள்ள தூங்குது."

"நாய் லைசென்சும் அதே ஜன்னல்தான். நாய்க்குப் புதுப்பிக்கணும், ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும்னு சொல்லு. கண்ணாடி இல்லாம அவளால படிக்க முடியாதுல்ல? கண்ணாடியை ஒளிச்சு வை."

"சத்தியம் வாங்குவாங்களே? அதுல கல்யாணம்ங்கற வார்த்தை வருமே?"

ஆர்வில் கொஞ்சம் யோசித்தான். "அந்த வார்த்தை வர்றப்ப இருமிடு."

"அப்பறம் நீதிபதி முன்னாடி நிக்கணுமே?"

"ஒவ்வொரு குழாயாச் சரி பண்ணுப்பா. எல்லாத்தையும் ஒரே நாள்ல தோண்டாத."

செஸ்டருக்கு இது பெரிய ராஜதந்திரமாகப் பட்டது. வாண்டாவின் படிக்கும் கண்ணாடி அன்று மாலையே அவருடைய கருவிப் பெட்டியில், பெரிய குறட்டுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

மறுநாள் காலை உணவின்போது பேச்சை எடுத்தார்.

"மேயருக்கு லைசென்ஸ் புதுப்பிக்கணும்."

மேயர் என்பது நாயின் பெயர். நாள் முழுக்கத் தூங்கி, சாப்பாட்டு நேரத்தில் மட்டும் குரல் கொடுப்பதால் வாண்டா வைத்த பெயர்.

"புதுப்பிச்சுட்டு வா" என்றாள் வாண்டா, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே.

"நீயும் வரணுமாம். ரெண்டு பேர் கையெழுத்து. புதுச் சட்டம்."

"சரி."

"உன் பிறப்புச் சான்றிதழும் வேணுமாம்."

வெண்ணெய்க் கத்தி நின்றது. "நாய்க்கு லைசென்ஸ் குடுக்க நான் பிறந்தது தெரியணுமா?"

"ஆமா."

"நாய் பிறந்தது வேண்டாமா?"

"அதை விட்டுட்டாங்க."

வாண்டா கத்தியைக் கீழே வைத்தாள். "சட்டம்னா சட்டம்தான்" என்று எழுந்துபோனாள். திரும்பி வந்தபோது வெள்ளைக் கழுத்துப்பட்டி வைத்த நீல உடுப்பு. காதில் முத்து. கையில் பெரிய கைப்பை.

"நாய் லைசென்சுக்கு இவ்வளவு அலங்காரமா?" என்றார் செஸ்டர்.

"மேயருக்கு ஒரு மரியாதை வேண்டாமா?" என்றாள்.

அப்போதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. திட்டம் ஒழுங்காக நடக்கிறது என்ற நினைப்பு ஒருவனுக்கு வந்துவிட்டால், அவன் கண்ணெதிரே யானை போனாலும் பூனை என்பான்.

மேயரைக் காரில் விட்டுவிட்டு உள்ளே போனார்கள். அலுவலகத்தில் ஒரே ஒரு ஜன்னல்தான் திறந்திருந்தது. அதன் கண்ணாடியில் நாய், மீன், திருமணம் என்று வரிசையாக எழுதியிருந்தது. வரிசையில் ஏழெட்டுப் பேர். செஸ்டர் வீட்டிலேயே பூர்த்தி செய்த படிவத்தை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்திருந்தார். வியர்வையில் அது கொஞ்சம் நனைந்திருந்தது.

எழுத்தர் நாற்பது வயதுப் பெண். பெர்னிஸ் என்று பெயர்ப்பலகை. கூடத்தின் கடைசி மூலைவரை எட்டும் குரல். செஸ்டர் ஜன்னலோடு ஒட்டிக் குனிந்து, "கொஞ்சம் மெதுவாப் பேசுங்கம்மா. அவளுக்குச் சத்தம் ஆகாது" என்று கிசுகிசுத்துப் படிவத்தை நீட்டினார்.

"சரிங்க ஐயா!" என்று பெர்னிஸ் முழங்கினாள். வாண்டாவைப் பார்த்துச் சிரித்தாள். "இது உங்களுக்கு முதல் தடவையா மேடம்?"

"இல்லம்மா" என்றாள் வாண்டா. "முன்னாடி ஒண்ணு இருந்துச்சு."

பெர்னிஸ் பேனாவை எடுத்தாள். "அது எப்படி முடிஞ்சுது?"

"பால் வண்டி அடிச்சிருச்சு."

"அடடா. ரொம்ப வருத்தமா இருக்குங்க."

"பரவாயில்ல. வயசாயிருச்சு. கண்ணும் தெரியல. போற வர்றவங்களையெல்லாம் கடிக்க ஆரம்பிச்சிருந்துச்சு."

பெர்னிஸ் பேனாவைக் கீழே வைத்தாள். செஸ்டர் ஜன்னலோடு வாயை வைத்து, "அம்மா, அது நாய்" என்றார்.

"என்ன இருந்தாலும் செத்துப்போனவரை அப்படிச் சொல்லக் கூடாதுங்க ஐயா" என்றாள் பெர்னிஸ் கண்டிப்பாக. பிறகு வாண்டாவிடம் கனிவாக, "இப்ப இருக்கறது எப்படி?" என்றாள்.

"சாது. சொன்னா கேக்கும். எதையாவது திருட்டுத்தனமாப் பண்ணிட்டா மட்டும் மூஞ்சியிலயே தெரிஞ்சிரும்."

பெர்னிஸ் செஸ்டரை நிமிர்ந்து பார்த்தாள். "தெரியுதுங்க" என்றாள்.

பின்னால் வரிசை வளர்ந்துவிட்டது. கையில் மீன் லைசென்ஸ் படிவத்தோடு ஒரு தாடிக்காரர், ஒரு கன்னியாஸ்திரீ, வேலைக்குப் போகிற அவசரத்தில் நாலைந்து பேர். எல்லாரும் வேறெங்கோ பார்ப்பதுபோல இங்கே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பேரும் வலது கையைத் தூக்குங்க" என்றாள் பெர்னிஸ். "இதுல எழுதினதெல்லாம் உண்மை, நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர்..."

செஸ்டர் இருமினார். நுரையீரல் வெளியே வந்து எட்டிப் பார்க்கிற மாதிரி இருமினார். பெர்னிஸ் நல்ல பெண். இருமல் முடியும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள். கன்னியாஸ்திரீ ஒரு மிட்டாய் கொடுத்தார். பிறகு பெர்னிஸ், ஐயாவுக்குக் கேட்டிருக்காது என்று இரக்கப்பட்டு, இன்னும் உரக்க ஆரம்பித்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கல்யாணம் பண்ணிக்கச் சட்டப்படி எந்தத் தடையும் இல்லன்னு சத்தியம் பண்றீங்களா?"

செஸ்டரின் வலது கை மட்டும் பள்ளிக்கூடத்தில் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்பவன் கைபோல மேலே நின்றது.

வாண்டா கையைத் தூக்கவில்லை. கைப்பையைத் திறந்தாள். உள்ளிருந்து ஒரு கண்ணாடி எடுத்தாள். புத்தம் புதுசு. நிதானமாகத் துடைத்து மாட்டிக்கொண்டாள். ஜன்னலுக்கு உள்ளே கைவிட்டுப் படிவத்தை எடுத்து முதல் வரியிலிருந்து படித்தாள்.

"எங்க அம்மாவோட பிறந்த வீட்டுப் பேரைத் தப்பா எழுதியிருக்க" என்றாள். பேனாவை வாங்கித் திருத்தினாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"சொல்லு செஸ்டர்."

"என்னத்த?"

"முப்பது வருஷத்துக்கும் மேல என்னத்தச் சொல்லாம இருக்கியோ, அதை."

"இங்கயா?" செஸ்டர் பின்னால் பார்த்தார். வரிசையில் பதினொரு பேர். எண்ணிப் பார்க்காமலே எண்ணிக்கை தெரிந்தது. தலை லேசாகச் சுற்றியது. விழுவதற்குக் கேக் கூட இல்லை. "வாண்டா, வீட்டுக்குப் போய்..."

"வீட்டுலதான் இத்தனை வருஷம் இருந்தோம்."

செஸ்டர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, பதினொரு அந்நியர்களும் ஒரு எழுத்தரும் கேட்க, அவர் முழுசாகப் பேசினார். லைசென்ஸை வாங்கிவிட்டுக் கல்யாணம் முடிந்தது என்று நினைத்தது தன் முட்டாள்தனம் என்றார். தெரிந்த பிறகும் சொல்லாதது முட்டாள்தனம் இல்லை, கோழைத்தனம் என்றார். "நீ போயிருவியோன்னு பயந்தேன்" என்றார். "இப்ப நான் போயிட்டா உனக்கு ஒண்ணும் இருக்காதேன்னு அதைவிடப் பயமா இருக்கு. ராய் பொண்டாட்டிக்கு இருக்கறது உனக்கு இல்ல. அதை மட்டும் சரி பண்ணிட்டுப் போயிரணும்னு பார்த்தேன். ஏமாத்தித்தான் பண்ணணும்னு தோணுச்சு. எனக்கு வேற வழி தெரியல." கை இன்னும் மேலேயே இருந்தது. இறக்க மறந்துவிட்டார்.

தாடிக்காரர் தொப்பியைக் கழற்றினார்.

"எனக்குத் தெரியும்" என்றாள் வாண்டா.

"ஆர்வில் சொன்னானா?"

"நீங்க ரெண்டு பேரும் வேலிகிட்ட கிசுகிசுத்தா நம்ம சமையலறையில ரேடியோ மாதிரி கேக்கும். அது நேத்து. நான் சொல்றது தொண்ணூத்திரண்டாம் வருஷம்."

செஸ்டரின் கை தானாகக் கீழே இறங்கியது.

"போலந்துல எங்க சித்தி பொண்ணைப் பாக்கப் போகணும்னு பாஸ்போர்ட் எடுக்க நினைச்சேன், ஞாபகம் இருக்கா? கல்யாணச் சான்றிதழ் நகல் கேட்டு இதே ஜன்னலுக்கு வந்தேன். அப்ப ஒரு பெரியவர் இருந்தார். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துட்டு, 'லைசென்ஸ் வாங்கியிருக்கீங்க, கல்யாணம் பண்ணிக்கலையேம்மா'ன்னார். வீட்டுக்கு வந்து சூட்கேஸை எடுத்துக் கட்டில் மேல வெச்சுத் துணியெல்லாம் அடுக்கினேன். சாயங்காலம் நீ வந்த. முழங்கால் வரைக்கும் சேறு. சூட்கேஸைப் பார்த்துட்டு, 'எங்க கிளம்பற?'ன்னு கேட்ட. உன் மூஞ்சியைப் பார்த்தேன். உனக்கு முன்னாடியே தெரியும்னு தெரிஞ்சுபோச்சு. 'பீரோவைச் சுத்தம் பண்றேன்'னேன்."

செஸ்டருக்கு அந்த மாலை ஞாபகம் இருந்தது. போலந்துப் பயணம் நின்றுபோனதற்குத் தான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டதும் ஞாபகம் இருந்தது.

"ஏன் போகல?" என்று கேட்டார். வாண்டாவுக்கு மட்டும் கேட்டது.

"போகலாம்னு தெரிஞ்சதுனாலதான். கட்டுப்பட்டிருக்கேன்னு நினைச்சுக்கிட்டு இருந்த வரைக்கும் வாரத்துக்கு ஒரு தடவை ஓடிரலாமான்னு இருக்கும். கட்டே இல்லன்னு தெரிஞ்சப்பறம் தினமும் காலையில யோசிப்பேன். இன்னிக்குப் போயிரலாமா? காபி கொதிக்கிற வரைக்கும் யோசிப்பேன். அப்பறம் உனக்கும் ஒரு கோப்பை ஊத்துவேன்."

செஸ்டர் மனசுக்குள் கணக்குப் போட்டார். எத்தனை காலை? பத்தாயிரத்துக்கும் மேல். ஒவ்வொன்றிலும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, விளையாட்டுப் பக்கத்தைப் படித்துக்கொண்டு, "சர்க்கரை கம்மி" என்று குறை சொல்லியிருக்கிறார். அந்தக் கோப்பை ஒவ்வொன்றும் ஒரு தீர்ப்பு என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு நாளாவது நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருப்பார். கைக்குட்டையைத் தேடினார். இல்லை. கன்னியாஸ்திரீ ஒன்றை நீட்டினார்.

மூக்கைச் சிந்தியபோது திடீரென்று ஒன்று உறைத்தது. "அப்ப வருமான வரி? வீட்டுக் காகிதமெல்லாம் நீதானே பார்க்கற?"

"உனக்குத் தனி, எனக்குத் தனி. ரெண்டுலயும் மணமாகாதவர்னுதான் வருஷா வருஷம் எழுதியிருக்கேன். அரசாங்கத்துகிட்டப் பொய் சொல்லக் கூடாதுல்ல?"

"நான் பார்க்கவே இல்லையே!"

"முப்பது தடவை கையெழுத்துப் போட்டிருக்க."

பெர்னிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முறைப்படி தொண்டையைச் செருமினாள். "மேடம், மன்னிக்கணும். சத்தியத்துக்கு இன்னும் உங்க பதில் வரல."

வாண்டா வலது கையைத் தூக்கினாள். நேராக, உயரமாகத் தூக்கினாள். "எந்தத் தடையும் இல்ல" என்றாள். கையெழுத்துப் போட்டாள். செஸ்டரும் போட்டார். இந்தத் தடவை படித்துவிட்டுப் போட்டார். முத்திரை விழுந்தது. வரிசையில் யாரோ கை தட்டினார்கள்.

"வாழ்த்துகள்" என்றாள் பெர்னிஸ். "இருபத்தி நாலு மணி நேரம் கழிச்சுத்தான் கல்யாணம் நடத்தலாம். அறுபது நாள் வரைக்கும் செல்லும்."

செஸ்டருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பெரிய அடைப்பு நீங்கியது. எல்லாம் முடிந்துவிட்டது. உண்மை வெளியே வந்துவிட்டது, அவள் மன்னித்துவிட்டாள், உயிரும் போகவில்லை. தன் திட்டம் ஒருவிதத்தில் பலித்துவிட்டது என்றுகூட அவருக்குத் தோன்றியது.

"மாடியிலயே நீதிபதி இருக்கார்" என்றார் உற்சாகமாக. "நாளைக்கு மத்தியானம் வந்தா அஞ்சு நிமிஷ வேலை. முப்பதாம் தேதிக்குள்ள படிவத்தை அனுப்பிரலாம்."

"முப்பதாம் தேதி எனக்குத் தெரியும். அந்தக் கவரை உனக்கு முன்னாடி பிரிச்சுப் படிச்சவ நான்தான்." வாண்டா லைசென்ஸை எடுத்து மடித்தாள். கைப்பைக்குள் வைத்தாள். பையை மூடினாள். "அதுக்கு இன்னும் நாள் இருக்கு. அதுக்கு முன்னாடி என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கல."

"என்னன்னு?"

"எண்பத்தெட்டுல, 'வா, ஆபீஸ் சாத்திருவாங்க'ன்னு கூட்டிட்டு வந்த. இன்னிக்கு நாய்க்குன்னு கூட்டிட்டு வந்த. என்னைக் கட்டிக்கிறியான்னு இதுவரைக்கும் நீ கேக்கவே இல்ல."

செஸ்டர் யோசித்துப் பார்த்தார். உண்மைதான். வரிசை இப்போது பதினைந்து பேராகியிருந்தது. தாடிக்காரர் தன் முறையை மறந்து அவருக்குக் கண்ணால் தைரியம் சொன்னார். கன்னியாஸ்திரீ ஜெபமாலையைத் தொட்டார்.

செஸ்டர் நோவிட்ஸ்கி கூடத்துக்கு நடுவே மண்டியிட்டார். குழாய்ப் பள்ளங்களில் தேய்ந்துபோன முழங்கால் இரண்டும் சடசடவென்று நெட்டி முறிந்தன. ஒரு கையால் ஜன்னல் மேடையைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, ஒரு வார்த்தைகூட விழுங்காமல் கேட்டார்.

"வாண்டா, என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?"

வாண்டாவின் கண் கலங்கியிருந்தது. முத்துக் காதணி லேசாக ஆடியது. குனிந்து, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

"நல்லாக் கேட்ட" என்றாள். "நாளைக்குக் காபி கொதிக்கறப்ப மறுபடி கேளு. யோசிச்சுச் சொல்றேன்."